யானைச் சின்னம் முதல் பானைச் சின்னம் வரை

மணிமங்கலம் வரலாற்று நூல்களில் இடம்பெற்ற ஊராகும். கி.பி. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன், சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைப் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய களங்களில் புறங்காட்டி ஓடச் செய்தான் என்பது செப்பேட்டுச் செய்தி. இதனை நம் மாணவர்கள் ஆண்டுதோறும் படித்து மதிப்பெண் பெறுகின்றனர். ஆயினும் அந்த வரலாற்றில் ஏர் பிடித்தவனுக்கும் நாற்று நட்டவளுக்கும் பெயரில்லை. மன்னனை மாற்றும் உரிமையும் அவர்களுக்கு இருந்ததில்லை. அவ்வுரிமை 1952-ஆம் ஆண்டின் முதற் பொதுத் தேர்தலில்தான் ஆண், பெண், உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்ற வேறுபாடின்றி யாவருக்கும் வந்தது. ஆகவே, போர்க்கள வரலாற்றோடு வாக்குச்சாவடி வரலாற்றையும் நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் கடமையாகும்.

நம் கல்விச் சங்கத்தில் எல்லாக் கட்சியினரும் உள்ளனர். இக்கட்டுரை எக்கட்சிக்கும் வாக்குக் கேட்பதற்காக எழுதப்பட்டதன்று. "நம்மவர் கட்சிகள் இத்தனை ஆண்டு தேர்தலில் நின்று என்ன கண்டன? இரண்டு இடத்திற்காகப் பெரிய கட்சியின் வாசலில் நிற்பதுதானே மிச்சம்?" என்று இளைஞர் சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. அதற்கு வரலாறு என்ன விடை தருகிறது என்பதை 2024 வரை நடந்த தேர்தல்களைக் கொண்டு காண்போம்.

ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனம், இந்தியக் குடியரசுக் கட்சி, விடுதலைச் சிறுத்தைகள் கட்சி ஆகிய மூன்றும் இக்கட்டுரையில் வருகின்றன. முன்னிரண்டும் தாயும் பிள்ளையும் போன்றவை. மூன்றாவது அவற்றின் சட்டபூர்வமான வாரிசு அன்று. தனியே தோன்றிய இயக்கம். ஆயினும் மூன்றும் நடந்து வந்த பாதை ஒன்றே. நம்மவர் வாக்கு யார் கணக்கில் சேர்கிறது, யார் சின்னத்தில் விழுகிறது என்பதே அப்பாதை நெடுகிலும் எழுந்த வினா.

புனா ஒப்பந்தமும் அதன் விளைவும்

நம் பழைய செங்கற்பட்டு மாவட்டம் இவ்வரலாற்றில் முன் நின்ற மாவட்டமாகும். இரட்டைமலை சீனிவாசன் 1859-இல் இம்மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். எம்.சி. இராஜா பரங்கிமலையைச் சேர்ந்தவர். இரட்டைமலையார் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் டாக்டர் அம்பேத்கரோடு அமர்ந்து, தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்று வாதாடினார். அதாவது, நம் பிரதிநிதியை நம் வாக்காளர் மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு அதனை ஏற்று அறிவித்தது. காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாநோன்பு தொடங்கினார். செப்டம்பர் 24-இல் புனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

இவ்வொப்பந்தத்தால் மாகாண சட்டசபைகளில் ஒதுக்கீட்டு இடங்கள் 148 ஆக உயர்ந்தன. சென்னை மாகாணத்திற்கு மட்டும் 30 இடங்கள். எண்ணிக்கையில் இது ஆதாயமே. ஆனால் தனி வாக்காளர் தொகுதி போயிற்று. முதற்கட்டத்தில் நம் வாக்காளர் நால்வரைத் தெரிவு செய்வர். இறுதிக் கட்டத்தில் அந்நால்வருள் ஒருவரை அனைத்துச் சாதியினரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பர் என்பது ஏற்பாடு. நம் வாக்குகளில் முதலிடம் பெற்றவர் பிறர் வாக்குகளால் பின்தள்ளப்படவும், நம்மிடம் கடைசியாக வந்தவர் பிறர் தயவால் வெற்றி பெறவும் இதனால் வழி ஏற்பட்டது.

1942-இல் நாகபுரியில் அகில இந்திய ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனம் தோன்றியது. அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் நம் தமிழ்நாட்டின் ந. சிவராஜ். பின்னாளில் சென்னை மாநகர மேயராகவும் விளங்கிய சட்ட அறிஞர் அவர். அவர் துணைவியார் மீனாம்பாள் சிவராஜ் சம்மேளனத்தின் பெண்கள் மாநாட்டிற்குத் தலைமை தாங்கிய பெருமைக்குரியவர். ஆயினும் 1946 மாகாணத் தேர்தலில் நாடு முழுவதும் சம்மேளனம் பெற்ற இடங்கள் இரண்டே. அவற்றுள் ஒன்று வங்காளத்தில் ஜோகேந்திரநாத் மண்டல் பெற்றது. அந்த ஓர் இடத்தின் ஆதரவைத் தொடக்கமாகக் கொண்டே அம்பேத்கர் வங்காளத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குள் நுழைந்தார். சிறு கட்சியின் ஓர் இடம் நாட்டின் தலைவிதியையே மாற்றக்கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

யானைச் சின்னம்

1952 தேர்தலில் சம்மேளனம் யானைச் சின்னத்தில் நின்றது. எழுத்தறிவு குறைந்த நாட்டில் சின்னமே கட்சியின் முகவரி. அத்தேர்தலில் அரசியல் சட்டத்தை வரைந்த அம்பேத்கரே வடக்கு பம்பாய்த் தொகுதியில் காங்கிரசின் கஜ்ரோல்கரிடம் ஏறத்தாழ 14,500 வாக்குகளில் தோற்றார். 1954-இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோல்வியே கிட்டியது. மக்களவையில் சம்மேளனம் பெற்றவை சோலாப்பூர், கரீம்நகர் ஆகிய இரண்டு இடங்கள். 375 உறுப்பினர் கொண்ட சென்னை சட்டசபையிலும் இரண்டே இடங்கள்.

அக்காலத்தில் பல இடங்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. ஒரே தொகுதியில் பொது இடம் ஒன்று, ஒதுக்கீட்டு இடம் ஒன்று. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்கு. 1957 தேர்தலில் செங்கற்பட்டு இத்தகைய தொகுதியாக இருந்தது. அதன் ஒதுக்கீட்டு இடத்திலிருந்து ந. சிவராஜ் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நம் மாவட்டம் அம்பேத்கரின் தோழரையே டெல்லிக்கு அனுப்பியது என்பதை நம் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவர்? அதே ஆண்டு அக்டோபர் 3-இல் நாகபுரியில் சம்மேளனம் கலைந்து இந்தியக் குடியரசுக் கட்சி உருவாயிற்று. அதற்கும் முதல் தலைவர் சிவராஜே. மக்களவையில் ஆளும் வரிசைக்கு எதிரே அமர்ந்து, ஒரு சிறு கட்சியின் குரலாக 1962 வரை அவர் பணியாற்றினார். 1964-இல் மறைந்தார்.

இரட்டை உறுப்பினர் முறை 1961-இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முந்திய நிகழ்ச்சி ஒன்று கவனிக்கத்தக்கது. 1957-இல் ஆந்திரத்தின் பார்வதிபுரம் தொகுதியில் பழங்குடியினர் இருவர் ஒதுக்கீட்டு இடத்தையும் பொது இடத்தையும் சேர்த்தே வென்றனர். பொது இடத்தை இழந்தவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வெற்றி செல்லும் என்று தீர்ப்பாயிற்று. இரண்டாண்டில் அம்முறையே முடிவுக்கு வந்தது. ஒதுக்கப்பட்ட இடத்தில் அமர்வது வேறு, பொது இடத்தை வெல்வது வேறு என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

1962-இல் உத்தரப் பிரதேசத்து அலிகார் பொதுத் தொகுதியில் குடியரசுக் கட்சியின் பி.பி. மௌரியா வெற்றி பெற்றார். தாழ்த்தப்பட்டோரும் இசுலாமியரும் ஒன்றுபட்டு அளித்த வாக்கே அதற்குக் காரணம். இதனை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும், பிற்பகுதியில் பயன்படும்.

இடைப்பட்ட காலம்

சிவராஜ் மறைவுக்குப் பின் குடியரசுக் கட்சி பல பிரிவுகளாகச் சிதறியது. தமிழ்நாட்டில் 1967-க்குப் பின் திராவிடக் கட்சிகளின் பேரலையில் நம்மவர் வாக்கும் கலந்தது. தனித்தொகுதிகளில் நம்மவர் வென்றனர். ஆனால் பெரிய கட்சிகளின் வேட்பாளராகவே வென்றனர்.

ஒரு விதிவிலக்குத் தமிழகத்திற்கு வெளியே உண்டு. கோலார் தங்கவயலுக்கு வட மாவட்டங்களிலிருந்து சென்று சுரங்கத்தில் உழைத்த நம் மக்கள், கர்நாடக சட்டசபைக்குக் குடியரசுக் கட்சியின் சி.எம். ஆறுமுகத்தை அனுப்பினர். பின்னர் 1994-லும் 2004-லும் அதே கட்சியின் எஸ். இராஜேந்திரனை அனுப்பினர். ஒரே வரிசை வீடுகளில் வாழ்ந்து, ஒரே சுரங்கத்தில் இறங்கி, ஒரே சங்கத்தில் கூடியவர்களின் வாக்கு சிதறவில்லை.

யானைச் சின்னமோ, 1984-இல் கன்ஷிராம் தொடங்கிய பகுஜன் சமாஜ் கட்சிக்குச் சென்று வட இந்தியாவில் புகழ் பெற்றது. 2007-இல் அக்கட்சி பிற சமூகத்தாரையும் இணைத்து உத்தரப் பிரதேசத்தின் 403 இடங்களில் 206 பெற்றுத் தனித்து ஆட்சி அமைத்தது. அதே கட்சி 2024 மக்களவைத் தேர்தலில் தனித்து நின்று ஓரிடமும் பெறவில்லை.

பிறர் சின்னத்தில் நின்ற காலம்

1972-இல் பம்பாயில் தோன்றிய தலித் சிறுத்தைகள் இயக்கத்தின் தமிழகப் பிரிவை 1982-இல் மதுரையில் மலைச்சாமி தொடங்கினார். 1989-இல் அவர் மறைந்தபின் தொல். திருமாவளவன் தலைமை ஏற்றார். அவ்வியக்கம் நெடுங்காலம் தேர்தலைப் புறக்கணித்தது. தேர்தலின் பயனைப் பற்றி ஐயம் எழக் காரணங்கள் இருந்தன. மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. அதில் வென்ற முருகேசனும் உடனிருந்த ஐவரும் 1997 ஜூன் 30-இல் வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் பத்தாண்டுகள் தேர்தலே முறையாக நடக்கவில்லை, 2006-இல்தான் நடந்தது. சட்டம் இடம் கொடுத்தும் ஊர் இடம் கொடாத காலம் அது.

1999-இல் புறக்கணிப்பு கைவிடப்பட்டது. அரசுப் பணியைத் துறந்து திருமாவளவன், மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரசு அணியில், அக்கட்சியின் சைக்கிள் சின்னத்தில் சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் நின்றார். பெற்ற வாக்கு 2,25,768. வெற்றி கிட்டவில்லை. அவருக்கு வாக்களித்த குடியிருப்புகள் பல தாக்குதலுக்கு உள்ளாயின, குடிசைகள் எரிந்தன. அந்த இரண்டே கால் இலட்சம் வாக்குக்குக் கொடுத்த விலை சிறிதன்று.

2001 சட்டசபைத் தேர்தலில் தி.மு.க. அணியில் எட்டு இடங்கள் கிடைத்தன. சின்னம் உதயசூரியன். திருமாவளவன் மங்களூர்த் தொகுதியில் வென்று சட்டசபைக்குள் நுழைந்தார். இங்கேதான் சின்னத்தின் சட்டப்பொருள் தெரியவந்தது. ஒரு கட்சியின் சின்னத்தில் வென்றவர் அவையில் அக்கட்சியின் உறுப்பினராகவே எண்ணப்படுவார். கட்சித் தாவல் தடைச் சட்டத்தின் கீழ் அக்கட்சிக் கொறடாவின் ஆணைக்கும் அவர் கட்டுப்பட்டவர். தம் இயக்கத்தின் தலைவராயிருந்தும், அவைக் குறிப்பில் அவர் பிறிதொரு கட்சியின் உறுப்பினர். 2004-இல் அவ்வணியோடு கருத்து வேறுபாடு வந்தபோது அவர் உறுப்பினர் பதவியையே துறந்தார். அவ்வாண்டு மக்களவைத் தேர்தலில் ஐக்கிய ஜனதா தளத்தின் அம்புச் சின்னத்தில் சிதம்பரத்தில் நின்று 2,55,773 வாக்குப் பெற்றுத் தோற்றார். ஐந்தாண்டுக்குள் மூன்று சின்னங்கள், மூன்றும் பிறருடையவை.

வெற்றியும் தோல்வியும் மாறி வந்த காலம்

2006-இல் அ.தி.மு.க. அணியில் ஒன்பது இடங்களில் நின்று இரண்டில் வெற்றி கிட்டியது. காட்டுமன்னார்கோயிலில் ரவிக்குமாரும், மங்களூரில் செல்வப்பெருந்தகையும் வென்றனர். பின்னவர் பிற்காலத்தில் வேறு கட்சிகளுக்குச் சென்று, 2021-இல் நம் ஸ்ரீபெரும்புதூர்த் தனித்தொகுதியில் காங்கிரசின் சார்பில் வென்றதை யாவரும் அறிவர். சிறு கட்சி வளர்த்த தலைவர்களைப் பெரிய கட்சி ஈர்த்துக்கொள்வதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

2009-இல் தி.மு.க. அணியில் திருமாவளவன் சிதம்பரத்தில் 4,28,804 வாக்குப் பெற்று, 99,083 வாக்கு வேறுபாட்டில் வென்றார். 2011-இல் மெழுகுவர்த்திச் சின்னத்தில் பத்துச் சட்டசபைத் தொகுதிகளில் நின்று ஒன்றிலும் வெற்றியில்லை. 2014-இல் மோதிரச் சின்னம். சிதம்பரத்தில் 1,28,495 வாக்கு வேறுபாட்டில் தோல்வி. 2016-இல் இரு பெரிய கட்சிகளையும் விட்டு மக்கள் நலக் கூட்டணி அமைத்து 25 தொகுதிகளில் நின்றது. எங்கும் வெற்றியில்லை. காட்டுமன்னார்கோயிலில் திருமாவளவன் தோற்றது 87 வாக்குகளில். ஒரு தெருவின் வாக்கு!

இங்கே ஒரு கணக்கை மாணவர்கள் நோக்குதல் வேண்டும். 2011-இல் இக்கட்சி பெற்றது மாநில வாக்கில் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு; கிடைத்த இடம் சுழி. 2021-இல் பெற்றது ஏறத்தாழ ஒரு விழுக்காடு. கிடைத்த இடம் நான்கு. வாக்கு குறைந்தும் இடம் கூடியது எவ்வாறு? நம் தேர்தல் முறையில் தொகுதியில் முதலிடம் வந்தவருக்கே வெற்றி. இரண்டாம் இடத்தில் குவிந்த வாக்கு எத்துணை மிகுதியாயினும் இடம் தராது. ஆகவே, சிறு கட்சிக்குத் தன் வாக்கு அடித்தளம். அணியின் வாக்கும் காற்றின் திசையும் சேர்ந்தாலன்றி வெற்றி இல்லை.

பானைச் சின்னம்

2019 மக்களவைத் தேர்தலில் இக்கட்சிக்குத் தி.மு.க. அணியில் இரண்டு இடங்கள். சிதம்பரத்தில் திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்றார். விழுப்புரத்தில் ரவிக்குமார் உதயசூரியனில் நின்றார். ரவிக்குமார் 1,28,068 வாக்கு வேறுபாட்டில் எளிதாக வென்றார். திருமாவளவன் வென்றதோ 3,219 வாக்கில். இரவு முழுவதும் எண்ணிக்கை இழுபறியாயிற்று. அறிந்த சின்னத்தில் நிற்பது எளிது. புதிய சின்னத்தை இரண்டு வாரத்தில் ஊர் ஊராக அறிமுகம் செய்வது அரிது. ஆனால் எளிதாகக் கிட்டிய வெற்றி கட்சியின் கணக்கில் ஏறவில்லை. இழுபறியில் வந்த வெற்றியே ஏறியது.

காரணம் விதியில் உள்ளது. மாநிலக் கட்சியாக அங்கீகாரம் பெறச் சில வழிகள் உண்டு. அவற்றுள் ஒன்று, மாநிலத்திற்குரிய மக்களவை இடங்களில் ஒவ்வொரு 25-க்கும், அதன் பின்னத்திற்கும் ஓர் உறுப்பினர் பெற்றிருத்தல். தமிழ்நாட்டின் இடங்கள் 39. இதனை 25-ஆல் வகுத்தால் ஈவு ஒன்று, மீதி 14. அம்மீதிக்கும் ஒன்று. ஆக, இருவர் வேண்டும். 2019-இல் இருவர் டெல்லி சென்றும் தேர்தல் ஆணையத்தின் ஏட்டில் ஒருவரே இக்கட்சியினர். மற்றவர் சின்னம் கொடுத்த கட்சியின் உறுப்பினர்.

2021 சட்டசபைத் தேர்தலில் ஆறு இடங்களிலும் பானைச் சின்னத்திலேயே நின்று நான்கில் வென்றது. காட்டுமன்னார்கோயிலில் சிந்தனைச்செல்வன், செய்யூரில் பனையூர் பாபு, நாகப்பட்டினத்தில் ஆளூர் ஷாநவாஸ், திருப்போரூரில் எஸ்.எஸ். பாலாஜி ஆகியோர் வென்றனர். இவற்றுள் செய்யூரும் திருப்போரூரும் நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. நாகப்பட்டினமும் திருப்போரூரும் பொதுத் தொகுதிகள். தோற்ற வானூரும் அரக்கோணமும் தனித்தொகுதிகள்! ஒதுக்கீடு இல்லாத இடத்தில் பிற சமூகத்தாரும் பானைக்கு வாக்களித்தாலன்றி இவ்வெற்றி இல்லை. நம் ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதியும் 2004 வரை தனித்தொகுதியாக இருந்து 2009 முதல் பொதுத் தொகுதியாயிற்று என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

2024-இல் பானைச் சின்னம் முதலில் மறுக்கப்பட்டு, பின்னர் இரு வேட்பாளருக்கும் ஒதுக்கப்பட்டது. சிதம்பரத்தில் 1,03,554, விழுப்புரத்தில் 70,703 வாக்கு வேறுபாட்டில் இருவரும் வென்றனர். இம்முறை இருவரும் ஒரே ஏட்டில் ஏறினர். 2025 சனவரியில் தேர்தல் ஆணையம் இக்கட்சியை மாநிலக் கட்சியாக அங்கீகரித்துப் பானைச் சின்னத்தை ஒதுக்கியது. முதன்முதல் தேர்தலில் நின்ற 1999-இலிருந்து இதற்குக் கால் நூற்றாண்டு ஆயிற்று.

நாம் கற்க வேண்டியவை

அங்கீகாரம் பெற்றதனால் எல்லாம் கைகூடிவிட்டது என்று கூற இயலாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமை வெளிப்பட்டது. அப்போது, ஆளும் அணியில் இருக்கும் சிறு கட்சி எவ்வளவு உரத்துப் பேச முடியும் என்ற கேள்வி எழுந்தது. அணிக்கு வெளியே நின்றால் இடம் கிடைப்பதில்லை. உள்ளே நின்றால் குரல் தாழ்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே நடப்பதுதான் சிறு கட்சியின் அரசியல். இதனை எளிதாகப் பழிப்பதும் தவறு. கேள்வி கேளாது ஏற்பதும் தவறு.

ஆயினும் தொடக்கத்தில் கண்ட வினாவிற்கு விடை கிடைக்கிறது. யானைச் சின்னத்தில் அம்பேத்கரே தோற்ற நாட்டில், நம்மவர் தலைமையிலான கட்சி தன் சின்னத்தில் பொதுத் தொகுதியை வென்றுள்ளது. 1932-இல் பிறர் வாக்கு நம் பிரதிநிதியைத் தீர்மானித்தது நமக்குத் தடையாயிற்று. 2021-இல் திருப்போரூரிலும் நாகப்பட்டினத்திலும் பிறர் வாக்கு நம்மோடு சேர்ந்தது நமக்கு வலிமையாயிற்று. 1962-இல் அலிகார் காட்டிய வழியும் இதுவே. பிறர் வாக்கைச் சேர்க்கும் ஆற்றல் நம் வாக்கு சிதறாதிருந்தால்தான் உண்டாகும் என்பதைத் தங்கவயல் தொழிலாளர் காட்டினர்.

இளைஞர்களே! இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் ஷிப்டு முறையில் வேலை பார்க்கும் நீங்கள், வாக்குப்பதிவு நாளன்று ஊதியத்துடன் விடுமுறை பெறச் சட்டப்படி உரிமை உடையவர்கள். அதனைக் கேட்டுப் பெறுங்கள். பதினெட்டு வயது நிரம்பியோர் சனவரி, ஏப்ரல், சூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாளைக் கணக்கிட்டுப் படிவம் 6 கொடுத்துப் பெயர் சேர்க்கலாம். குடி மாறியோர் முகவரி மாற்றுதல் வேண்டும். 87 வாக்கில் ஒரு தலைவர் தோற்ற வரலாற்றைப் படித்தபின், "என் ஒரு வாக்கால் என்ன ஆகும்?" என்று நம் ஊரில் எவரும் கூறலாகாது.

நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பித்து வருகிறது. வாக்காளர் பட்டியலைப் படிக்கவும், வாக்குக் கணக்கைப் புரிந்துகொள்ளவும், வேட்பாளரிடம் கேள்வி கேட்கவும் அக்கல்வி பயன்படுதல் வேண்டும். எக்கட்சிக்கு வாக்களிப்பது என்பது அவரவர் உரிமை. விலைக்கு விற்காமலும், அச்சத்தால் கைவிடாமலும், அறிந்து அளிப்பது நம் அனைவரின் கடமை. அக்கடமையை நம் ஊர் இளைஞர்கள் ஏற்பார்களாக! வாழ்க நம் சங்கம்!